உண்ணிக்கொக்கின் உண்ணி: தம்பலகாமத்துப் புளியமரமும் குவாரன்ஃபில் வைரஸும்

மாசி மாதத்தில் ஒருநாள் விடியற்காலை தம்பலகாமத்திலிருந்து அழைப்பு வந்தது. "டொக்டர் தம்பி, கொக்குக் குஞ்செல்லாம் செத்துச் செத்து விழுது. ஆட்டுக் கொட்டிலுக்கு மேலதான் மரம் நிக்குது. ஒருக்கா வந்து பாத்திட்டு, மரத்தைத் தறிக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதித் தாங்கோ."

அழைத்தவர் தன் ஆடுகளுக்கு என்னிடம் மருந்து எடுக்கும் ஓர் அம்மா. ஆடுகளுக்கு ஒன்றுமில்லை, பயமெல்லாம் பறவைக் காய்ச்சலைப் பற்றித்தான். பக்கத்து வீட்டார் தங்கள் கோழிகளை ஏற்கெனவே அடைத்துவிட்டார்கள். போதாக்குறைக்கு அம்மாவின் பேரனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல்.

போய்ப் பார்த்தேன். வயல்கரையோரம் பழைய புளியமரம் ஒன்று. நாற்பதுக்குக் குறையாத கூடுகள். கீழே எச்சத்தால் வெள்ளையடித்தது போன்ற தரை, அழுகிய தவளையின் நாற்றம், ஏழு குஞ்சுகள். புதிதாக விழுந்த மூன்றை அறுத்துப் பார்த்தேன். மூன்றிலும் இரைப்பை வெறுமை. ஒன்றுக்குச் சிறகெலும்பு முறிந்திருந்தது. உள்ளுறுப்புகளில் இரத்தக்கசிவு இல்லை, மூச்சுக்குழலில் சளி இல்லை. தாய்க்கொக்குகள் எந்தச் சுணக்கமும் இல்லாமல் வயலுக்கும் கூட்டுக்குமாகப் பறந்துகொண்டிருந்தன.

கொக்கு எல்லா முட்டைகளையும் இட்டு முடித்த பிறகு அடைகாக்கத் தொடங்குவதில்லை. முதல் முட்டையோடேயே தொடங்கிவிடும். அதனால் குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொரிக்கும். மூத்தது தின்று கொழுக்கும், கடைக்குட்டி பட்டினி கிடக்கும், தள்ளுப்பட்டு விழும். இரை குறைந்த வாரத்தில் விழுவது கூடும். கொக்குக் குடியிருப்புகளில் இது வருடாவருடம் நடப்பது. குஞ்சுகள் செத்ததற்கு வைரஸ் எதையும் தேடவேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. இந்த முடிவை இப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை.

பேரனின் காலைப் பார்த்தபோதுதான் கதை வேறு பக்கம் திரும்பியது. முழங்காலுக்குக் கீழே ஏழெட்டுச் சிவந்த தடிப்புகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கருஞ்சிவப்புப் புள்ளி. நுளம்புக்கடி அப்படி இருக்காது. பொடியன் எங்கே படுக்கிறான் என்று கேட்டேன். மின்சாரம் போனால் உள்ளே புழுக்கம் தாங்காதென்று புளியமரத்தின் அடியோடு ஒட்டிய பத்தியில் கட்டில் போட்டுப் படுக்கிறானாம்.

கத்தி முனையால் மரப்பட்டையைக் கிளப்பினேன். இடுக்குக்குள் சாம்பலும் மண்ணிறமும் கலந்த, தோல் துண்டு போன்ற தட்டையான உண்ணிகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. மேலிருந்து பார்த்தால் தலையே தெரியாது. வாய் வயிற்றுப்பக்கம் ஒளிந்திருக்கும். மென்னுண்ணி என்பதை அந்த ஒரு அடையாளத்தை வைத்தே சொல்லலாம். தட்டை உடலின் ஓரத்தில் மேற்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் பிரிக்கும் கோடு, அது ஆர்காஸ் என்ற பேரினம் என்று சொன்னது. அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "உண்ணி மாட்டிலயும் நாயிலயும்தானே தம்பி இருக்கும்? மரத்தில என்ன வேலை அதுக்கு?"

நல்ல கேள்வி. மாட்டில் ஒட்டுகிற வன்னுண்ணி நாட்கணக்கில் ஒரே இடத்தில் கிடந்து குடிக்கும். மென்னுண்ணி அப்படியில்லை. பகலெல்லாம் பட்டைக்குள் பதுங்கி, இரவில் இறங்கி, உறங்கும் பறவையிடம் சில நிமிடங்களில் வயிறு நிறையக் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். பறவை இல்லாத மாதங்களில் பட்டினி கிடக்கும், வருடக்கணக்கில்கூடத் தாக்குப்பிடிக்கும். பக்கத்தில் வேறு சூடான உடல் கிடைத்தால் அதையும் விடாது.

நான் செய்த பிழை இதற்குப் பிறகுதான். உண்ணிகளைப் பொறுக்கிச் சிறு போத்தலில் போட்டு, பையில் இருந்த ஸ்பிரிட்டை ஊற்றினேன். வடிவம் பார்க்க அது போதும். ஆனால் ஸ்பிரிட்டில் வைரஸ் உயிரோடு இருக்காது. திருகோணமலை வெக்கையில் அலுமாரிக்குள் மாதக்கணக்கில் வைத்த போத்தலில் வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. உருப்படியாக மிஞ்சும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. பிறகு ஓர் ஆய்வுகூடத்துக்குக் கொடுத்துக் கேட்டபோது, "இதில் செய்ய ஒன்றுமில்லை" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அவர்கள் சொன்னது சரி.

பேரனுக்கு ஆஸ்பத்திரியில் டெங்குச் சோதனை செய்தார்கள். இல்லை என்று வந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் தானாக விட்டது. அதோடு எல்லோருக்கும் அது முடிந்த விஷயம். எனக்கு முடியவில்லை. லேசான காய்ச்சல், ஒரு பிள்ளை, ஒரு கொக்குக் குடியிருப்பு, மரத்தில் ஆர்காஸ் உண்ணி. இந்த நான்கும் ஒன்றாக வந்த பழைய கதை ஒன்று எங்கோ வாசித்த ஞாபகம்.

எகிப்து, 1953

அந்தப் புளியமரத்துக் கொக்கை நாங்கள் மாட்டுக்கொக்கு என்கிறோம். தமிழில் இன்னொரு பெயர் உண்ணிக்கொக்கு. மாட்டின் மேல் உண்ணி பொறுக்கும் என்று வந்த பெயர். உண்மையில் அது கூடுதலாகத் தின்பது மாட்டின் குளம்படியில் கிளம்பும் வெட்டுக்கிளியையும் பூச்சியையும்தான். பெயர் வைத்தவர்கள் கொக்கு உண்ணியைத் தின்பதைப் பார்த்தார்கள். உண்ணி கொக்கைத் தின்பதை யாரும் பார்க்கவில்லை, அது இரவில் நடப்பதால்.

அதைப் பார்த்தவர்கள் கெய்ரோவில் இருந்த வைரஸ் ஆய்வாளர்கள். 1953இல் குவாரன்ஃபில் என்ற எகிப்தியக் கிராமத்தில் லேசான காய்ச்சல் கண்ட பிள்ளைகளின் இரத்தத்திலிருந்து ஒரு வைரஸ் பிரிந்து வந்தது. கிராமத்தின் பெயரையே அதற்கும் வைத்தார்கள். பிறகு அதே வைரஸ் உண்ணிக்கொக்குக் குடியிருப்பு மரங்களில் வாழும் ஆர்காஸ் ஆர்போரியஸ் என்ற உண்ணியில் கிடைத்தது. ஆர்போரியஸ் என்றால் மரத்துக்குரியது. கொக்கிலும் புறாவிலும் கிடைத்தது. டெய்லர், ஹர்ல்பட், ஹூக்ஸ்ட்ரால் முதலானோர் 1966இல் இதை விரிவாக எழுதினார்கள். அந்தக் கட்டுரையில் செனூடா, நியாமனினி என்று வேறு இரண்டு உண்ணி வைரஸ்களும் உண்டு. உண்ணியைப் பற்றி உலகத்தில் அதிகம் தெரிந்த மனிதர் என்று ஹூக்ஸ்ட்ராலைச் சொல்வார்கள்.

அக்காலத்து முறையை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். சந்தேகத்துக்குரிய இரத்தத்தையோ அரைத்த உண்ணியையோ பால்குடி மாறாத எலிக்குட்டியின் மூளைக்குள் ஏற்றுவது. எலி நோயுற்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது. பிறகு தெரிந்த வைரஸ்களுக்கெதிரான சீரங்களோடு, அதாவது எதிர்ப்புப்பொருள் உள்ள இரத்தநீரோடு, ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பது. சீரம் பிடித்தால் உறவு, பிடிக்காவிட்டால் அந்நியம். குவாரன்ஃபில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் அந்நியமாக இருந்தது. பின்னாளில் இரண்டோடு மட்டும் சேர்ந்தது. ஒன்று, 1964இல் நடுப் பசிபிக்கின் ஜோன்ஸ்டன் பவளத்தீவில் கடலாலாக் கூடுகளின் உண்ணியில் கிடைத்த ஜோன்ஸ்டன் அடோல் வைரஸ். மற்றது, ஆபிரிக்காவில் ஒரு தூக்கணாங்குருவி இனத்தில் கிடைத்த சாட் ஏரி வைரஸ். நைல் கரையின் கொக்கு, பசிபிக் தீவின் கடற்பறவை, சாட் ஏரியின் குருவி: மூன்றும் தங்களுக்குள் சொந்தம், வேறு யாருக்கும் சொந்தமில்லை.

பிழையான வீட்டில் இருபது வருடம்

குடும்பம் தெரியாத வைரஸை அப்படியே விட ஆய்வாளருக்கு மனம் வராது. மின்னணு நுண்நோக்கியில் பார்த்துவிட்டு 1989இல் ஒரு குழு, குவாரன்ஃபிலையும் ஜோன்ஸ்டன் அடோலையும் அரினா வைரஸ் குடும்பத்தில் சேர்க்கலாம் என்று எழுதியது. அரினா என்பது இலத்தீனில் மணல். அந்தக் குடும்பத்துத் துகளுக்குள் மணல்மணி போன்ற புள்ளிகள் தெரியும். லாசாக் காய்ச்சல் வைரஸ் அந்தக் குடும்பம்.

அந்த ஆய்வாளர்களைக் குறை சொல்லமாட்டேன். கையில் இருந்த கருவி அவ்வளவுதான். நானும் வடிவத்தை வைத்துத்தானே ஆர்காஸ் என்றேன்? ஆனால் உண்ணியின் வாய் இருக்கும் இடமும் உடலோரக் கோடும் நிச்சயமான அடையாளங்கள். வைரஸ் துகளின் தோற்றம் அப்படியல்ல. தயாரிக்கும் முறையைப் பொறுத்து ஒரே வைரஸ் பல கோலம் காட்டும்.

2009: வரிசை வாசிப்பு

டெக்சாஸின் கல்வெஸ்டன் நகரில் உலகெங்கும் சேகரித்த, உண்ணியும் நுளம்பும் பரப்பும் ஆர்போ வைரஸ்களின் பெரும் சேமிப்பு இருக்கிறது. றொபர்ட் டெஷ் என்ற மூத்த வைரஸியலாளர் நெடுங்காலம் அதைப் பார்த்துக்கொண்டவர். அவரும் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் வாங், ரேச்சல் பிரெஸ்டி முதலானோரும் சேர்ந்து குவாரன்ஃபிலின் ஆர்.என்.ஏ.யை உயர்வேக வரிசையாக்கத்துக்கு விட்டார்கள். 2009இல் முடிவு அச்சானது.

இதில் கடினம் எங்கே என்று சொல்லவேண்டும். தெரிந்த வைரஸைத் தேட பி.சி.ஆர். போதும், ஏனென்றால் எதைத் தேடுகிறோம் என்று தெரியும். குடும்பமே தெரியாத வைரஸுக்கு எந்தத் துண்டை வைத்துத் தேடுவது? ஆகவே தேடாமல், இருப்பதையெல்லாம் வாசித்தார்கள். துண்டு துண்டாக வந்த வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம் பார்த்துக் கோத்தார்கள். கோத்த பிறகும் ஆர்.என்.ஏ. எழுத்தாகப் பார்த்தால் எதனோடும் ஒப்புமை எளிதில் தெரியாது. அத்தனை தூரம் விலகிப் போனது. அதைப் புரதமாகப் பெயர்த்து, அமினோ அமில வரிசையாக ஒப்பிட்டபோதுதான் சாயல் தெரிந்தது.

எங்கள் கோட்டை வாசலில், பிரெடரிக் கோட்டைக்குள் நுழையும்போது, சிதைந்த குளக்கோட்டன் கல்வெட்டு ஒன்று கல்லில் இருக்கிறது. பாதி எழுத்து போய்விட்டது. வாய்வழியாக வந்த பாட்டைத் தெரிந்தவர்கள் மிஞ்சிய எழுத்துகளை அதோடு வைத்துத்தான் வாசித்தார்கள். எழுத்து தேய்ந்தாலும் சொல் பிடிபடும். மரபணுவிலும் அப்படித்தான்: ஒரே அமினோ அமிலத்தைப் பல எழுத்துக்கூட்டுகள் தரும். எழுத்து மாறிக்கொண்டே போனாலும் புரதம் மெதுவாகவே மாறும். அதிலும் வைரஸ் தன்னைப் பிரதியெடுக்கும் நொதியின் மையப்பகுதி மாறவே அஞ்சும்; அங்கே கை வைத்தால் வைரஸே நின்றுவிடும்.

அந்த மையப்பகுதிதான் காட்டிக்கொடுத்தது. முழுமையாக வாசித்த ஐந்து ஆர்.என்.ஏ. துண்டங்களில் மூன்று, பிரதியெடுக்கும் நொதியின் பி.பி.1, பி.பி.2, பி.ஏ. என்ற மூன்று பாகங்களைச் சொல்வனவாக இருந்தன. நான்காவது மேற்பரப்புப் புரதம். மூன்று பாக நொதி, துண்டுதுண்டான மரபுத்தொகுதி: இது அரினா குடும்பம் அல்ல. ஓர்த்தோமிக்சோ. இன்புளுவென்சாவின் குடும்பம்.

ஐந்தாவது துண்டம் உலகத்தில் தெரிந்த எந்தப் புரதத்தோடும் ஒத்துவரவில்லை. அதன் வேலை தெளிவில்லை என்று ஆய்வாளர்கள் அப்படியே எழுதிவிட்டார்கள். எனக்கு அந்தக் கட்டுரையில் மிகவும் பிடித்த வரி அது.

இன்னொரு சான்று உண்டு. அதைத்தான் நான் எல்லாவற்றிலும் பலமானதாக எடுப்பேன். இந்தக் குடும்பத்து வைரஸ்களில் ஒவ்வொரு துண்டத்தின் இரு முனைகளும் ஒரே மாதிரி இருக்கும். ஒரே தறியில் நெய்த சேலைகளுக்கு உடல் எந்த நிறமானாலும் கரை ஒன்றாக இருப்பதுபோல. நொதி அந்தக் கரையைப் பிடித்துத்தான் பிரதியெடுக்கத் தொடங்குகிறது. குவாரன்ஃபிலின் துண்டங்களுக்கும் ஒரே கரை இருந்தது. ஆனால் அது குடும்பத்தில் அதுவரை தெரிந்த எந்தப் பேரினத்தின் கரையும் அல்ல. அதாவது, வீடு இதுதான், ஆனால் அறை புதிது.

ஜோன்ஸ்டன் அடோல் வைரஸின் பி.பி.1 குவாரன்ஃபிலோடு 80 வீதம் ஒத்திருந்தது, மேற்பரப்புப் புரதம் 70 வீதம். சாட் ஏரி வைரஸில் பி.பி.1இன் ஒரு பகுதிதான் கிடைத்தது. அது 83 வீதம். உள்ளே இருக்கும் நொதி கூடுதலாகவும், வெளியே இருக்கும் புரதம் குறைவாகவும் ஒத்திருப்பது எதிர்பார்த்ததுதான். எதிர்ப்புசக்தியின் கண்ணில் படுவது வெளிப்புரதம், ஆகவே அது விரைவாக வேஷம் மாறும். அரை நூற்றாண்டுக்கு முன் எலிக்குட்டியும் சீரமும் வைத்து "இவை மூன்றும் சொந்தம்" என்றவர்கள் சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள். புதிய பேரினத்துக்குக் குவாரன்ஃபிலின் முன்பாதியையும் ஜோன்ஸ்டன் அடோலின் முதலெழுத்துகளையும் ஒட்டிக் குவாரன்ஜா வைரஸ் என்று பெயர் வந்தது.

சொந்தக்காரர்கள்

இன்புளுவென்சாவின் குடும்பம் என்றதும் எங்கள் ஆட்களுக்குப் பயம் வரும். தூரத்துச் சொந்தம் என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். இன்புளுவென்சா செல்லுக்குள் நுழையப் பிடிக்கும் பிடி வேறு. குவாரன்ஜா வைரஸ்களின் மேற்பரப்புப் புரதம் கம்பளிப்புழுக்களைக் கொல்லும் பக்குலோ வைரஸ்களின் ஜி.பி.64 என்ற புரதத்தின் சாயல். பட்டுப்புழுவைத் தாக்கும் வைரஸிடமும் அது உண்டு. பறவை வைரஸுக்குப் பூச்சி வைரஸின் திறப்பு எப்படி வந்தது? உண்ணிக்குள்ளும் பறவைக்குள்ளும் மாறிமாறி வாழும் ஒன்றுக்கு அப்படியொரு திறப்பு பொருத்தமானது என்பதுவரை எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். இதே குடும்பத்தின் இன்னொரு பேரினமான தொகோட்டோ வைரஸ்களிடமும் அதே திறப்புத்தான்; அவையும் உண்ணி வழி வருபவை. அவற்றில் ஒன்றான தோரி, இந்தியாவின் குஜராத்தில் ஒட்டக உண்ணியில் கிடைத்தது. எங்களுக்கு அத்தனை அந்நியக் கூட்டமில்லை இது.

கொல்லும் சொந்தமும் உண்டு. அமெரிக்காவின் கேப் கொட் கரையில் 1998இலிருந்து ஈடர் என்ற கடல்வாத்துகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் மீண்டும் மீண்டும் செத்து ஒதுங்கின. காரணமாக இருக்கக்கூடிய வைரஸை 2015இல் ஒரு குழு விவரித்து வெல்ஃபிளீட் பே என்று பெயரிட்டது. அதுவும் குவாரன்ஜா. அதற்கு ஏழு துண்டங்கள். ஏழாவது அதுவரை யாரும் காணாதது. அதன் மிக நெருங்கிய உறவு தென் அவுஸ்திரேலியாவில் வாத்துகளில் கிடைத்த சிக்னெட் றிவர் வைரஸ். இரண்டும் ஒரே வைரஸின் இரு ஊர் வடிவங்களாக இருக்கலாம் என்றார்கள். அத்லாந்திக் கரைக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதற்கு மாதிரி எடுத்தவர் குறைவு. மத்திய ஆசியப் பறவை வழியின் தென்முனை எங்கள் தீவு என்பதை இங்கே ஞாபகப்படுத்தாமல் இருக்கமுடியவில்லை.

திருகோணமலைக்கு இதை அப்படியே பெயர்க்கலாமா என்றால், கூடாது. எங்கள் கொக்கு கீழைத்தேய வடிவம். தனி இனமென்றே பிரித்து, சோழமண்டலத்தின் பெயரால் கோரமாண்டஸ் என்று அழைப்பவர்களும் உண்டு. என் போத்தலில் இருப்பது ஆர்காஸ் பேரினம் என்பதற்கு மேல் நான் சொல்லவில்லை. பேரனின் காய்ச்சலுக்கும் கடிக்கும் ஒரே கிழமை என்பதைத் தவிர வேறு தொடர்பு காட்ட என்னிடம் எதுவும் இல்லை. இதைச் சொன்ன மறுநாளே ஒருவர் தொலைபேசியில், நிலாவெளிக்கு அப்பால் புறாமலைத் தீவுக்குப் போவது ஆபத்தா என்று கேட்டார். எகிப்தில் புறாவிலும் இந்த வைரஸ் உண்டு என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார். 2003இலிருந்து தேசியப் பூங்காவாக இருக்கும் இடம் அது. பாறை இடுக்கில் புறாக்கூட்டுக்குப் பக்கத்தில் படுத்து உறங்காவிட்டால் போதும் என்றேன். பகலில் போய் முருகைக்கல் பார்த்துவிட்டு வருபவரை மென்னுண்ணி தேடிவராது.

மரத்துக்கு வருகிறேன். தறிக்கச் சொல்லி நான் கடிதம் கொடுக்கவில்லை. கூடுள்ள காலத்தில் மரத்தைத் தொடுவதற்கு முன் வனசீவராசித் திணைக்களத்தைக் கேட்கவேண்டும் என்பது ஒன்று. அதைவிடப் பெரியது, கொக்கை விரட்டினால் உண்ணி பசியோடு பட்டைக்குள் இருக்கும் என்பது. ஐரோப்பாவில் புறாக்களை விரட்டிய கட்டடங்களில், பட்டினியான புறா உண்ணிகள் படுக்கையறைக்கு வந்து மனிதரைக் கடித்த சம்பவங்கள் நிறைய. அம்மாவிடம் சொன்னேன்: "பொடியன்ர கட்டிலை மற்றப் பக்கம் போடுங்கோ. ஆட்டுக் கொட்டிலை ஆடி மாசம் மாத்துவம். செத்த குஞ்சைக் கையால தூக்காதைங்கோ." கட்டில் அன்றே மாறியது. கொட்டில் மாற இரண்டு வருடம் எடுத்தது.

அடுத்த மாசியில் மீண்டும் போனேன். இந்த முறை ஸ்பிரிட் இல்லை. மென்னுண்ணியை உயிரோடு வைத்தாலே போதும். கொஞ்சம் ஈரமும் நிழலும் இருந்தால் மாதக்கணக்கில் கிடக்கும், அதன் உடலுக்குள் வைரஸ் இருந்தால் அதுவும் கூடவே கிடக்கும். உலர்பனியும் ஆழ்குளிர்ப்பெட்டியும் இல்லாத ஊருக்கு இதைவிட நல்ல பெட்டி கிடையாது. துணி மூடிய குழாய்கள் நான்கு; அடியில் நனைத்த காகிதம்; ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் மரம், உயரம், எந்தப் பக்கப் பட்டை, மேலே எந்தப் பறவையின் கூடு, திகதி.

அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "போன வருசம் கொண்டுபோனதுக்கு என்ன சொன்னவங்கள், டொக்டர் தம்பி?"

"அது நான் பழுதாக்கிப்போட்டன், அம்மா."

"அப்ப இதைப் பழுதாக்காம கொண்டுபோங்கோ," என்று சொல்லிவிட்டு, குழாய்களை வைக்கக் கள்ளிப்பெட்டி ஒன்று எடுத்துவர உள்ளே போனார்.